துரையின் சுரப்பியும் என் விடுமுறையும்

இந்த விடுமுறைக்கு மச்சான் வீட்டுக்குப் போவதில்லை என்று உறுதியாக முடிவெடுத்துவிட்டேன். குளியலறைக்குள் தாழ்ப்பாள் போட்டு, குழாயையும் திறந்துவிட்டு எடுத்த முடிவு. வெளியே வந்ததும் மனைவி, "உள்ள என்ன முணுமுணுத்தீங்க?" என்றாள். "பாட்டு" என்றேன்.

மச்சான் என்றால் அவளுடைய அண்ணன். நல்ல மனிதர். அதுதான் தொல்லையே! விடிவதற்குள் போர்வையை உருவிவிடுவார். நடைப்பயிற்சி, மூச்சுப்பயிற்சி, அப்புறம் மைக்கைப் பிடித்துக்கொண்டு பாட்டுப்பயிற்சி. கேட்கும் பயிற்சி மட்டும் எனக்கு. மூக்குக்கண்ணாடிக் கடையில் வருஷம் முழுக்க "இது தெளிவா தெரியுதா, அது தெரியுதா" என்று கேட்டே நாக்கு வறண்டவன் நான். ஒரு வாரம் தனியாக, சோபாவில் காலை நீட்டிப் படுக்க வேண்டும். வேறு எதுவுமே எனக்கு வேண்டாம்.

வழி காட்டியவன் துரை. எங்கள் நாய். (இந்த வீட்டில் வேறு யாரைத் துரை என்று கூப்பிடப் போகிறார்கள்?) சமீபத்தில் வாந்தி, சோர்வு, பின்னங்கால் நடுக்கம் என்று சுருண்டு விழுந்தான். அலறியடித்துக்கொண்டு நான்தான் தூக்கிக்கொண்டு ஓடினேன். டிரிப்ஸ் ஏற்றி, ரத்தம் எடுத்துப் பார்த்த டாக்டரம்மா, அட்ரினல் சுரப்பி படுத்துவிட்டது என்றார். இப்போது ஊசி, மாத்திரை என்று ஜம்மென்று இருக்கிறான். டாக்டரம்மா சொன்ன பாடத்தை நெட்டுரு போட்டுக்கொண்டு சமையலறைக்குள் நுழைந்தேன்.

"சிறுநீரகத்துக்குப் பக்கத்துல ரெண்டு சுரப்பி இருக்கு. நிலக்கடலை சைஸ்."

"யாருக்கு?"

"துரைக்கு! உள்பக்கம் அட்ரினலின் சுரக்கும். பயந்தா நெஞ்சு படபடன்னு அடிக்குதே, அது."

"எங்க அண்ணன் குரலைக் கேட்டா உங்களுக்கு அடிக்குமே, அதுவா?"

"அதேதான்... சேச்சே, அது பாசம்! இதக் கேளு. சுரப்பியோட வெளிப்பக்கம் ரெண்டு சுரக்கும். ஒண்ணு உடம்பு உப்பைச் சரியா வெச்சுக்கும். இன்னொண்ணு கார்டிசால். நம்ம துரைக்கு அந்த வெளிப்பக்கம்தான் அவுட்."

"பூனைக்கும் இது வருமா?"

"பூனைக்கும் அதே சுரப்பிதான், ஆனா இந்த நோய் ரொம்ப அபூர்வம். பேச்ச மாத்தாத! பிரயாணம், புது வீடு, சத்தம் இதெல்லாம் வந்தா உடம்பு கார்டிசாலைக் கூட்டிச் சுரந்து சமாளிச்சுக்கும். துரையால முடியாது. உங்க அண்ணன் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போனா பொத்துனு விழுந்துடுவான்."

"ஐயையோ! எங்கயாவது விட்டுட்டுப் போனா?"

"அது அதைவிட மோசம். சொந்த வீட்டுல, பழகின ஆள் ஒருத்தர் கூடவே இருக்கணும்." தொண்டையைக் கனைத்துக்கொண்டேன். "நான் இருந்துக்கறேன். மச்சான் முகத்தைப் பாக்க முடியலையேன்னுதான்..."

அவள் கண் கலங்கிவிட்டது. "எவ்வளவு பெரிய மனசுங்க உங்களுக்கு! எதுக்கும் டாக்டரம்மாவை ஒரு வார்த்தை கேட்டுடறேன்."

"தாராளமா கேளு! கார்டிசாலைப் பத்தி நான் சொன்னதுல ஒரு எழுத்து தப்பா இருக்காது."

உள்ளே போய் டாக்டரம்மாவோடு பேசினாள். பிறகு அண்ணனோடு. சிரித்தபடி வெளியே வந்தாள்.

"நீங்க சொன்னது அத்தனையும் சரியாம். துரையை அலைக்கழிக்க வேணாம்னு அண்ணனும் சொல்லிட்டாரு."

ஜெயித்துவிட்டேன்! கல்யாணமான நாளிலிருந்து இவளிடம் ஒரு வாதத்திலும் ஜெயிக்காதவன், ஒரு நிலக்கடலை சைஸ் சுரப்பியை வைத்து ஜெயித்துவிட்டேன். துரையின் முன்னங்கால்களைப் பிடித்து ஒரு சுற்று ஆடினேன். கடையில் என் நடையைப் பார்த்து முதலாளியே எழுந்து நின்றார். வீட்டில் அவள் மெத்தைகளை வெயிலில் போட்டாள், தலையணை உறைகளை மாற்றினாள். நான் சொகுசாக இருக்க வேண்டுமென்று எத்தனை அக்கறை! பாவம், அவளை ஏமாற்றிவிட்டோமே என்று மனசு கொஞ்சம் உறுத்தக்கூட உறுத்தியது.

விடுமுறையின் முதல் காலை. சோபா. நீட்டிய கால். அழைப்பு மணி.

கதவைத் திறந்தேன். மச்சான்! பின்னால் அவர் மனைவி, வாண்டுகள், என் மாமியார், மூட்டை முடிச்சுகள். மைக் பெட்டி முதலில் உள்ளே வந்தது.

"மாப்ளே! நாய் அங்க வர முடியலன்னா என்ன, நாங்க இங்க வர மாட்டோமா? ஒரு வாரம், ஜமாய்ச்சுடுவோம்!"

மனைவியைச் சமையலறைக்குள் இழுத்தேன். "என்ன இது? இவ்வளவு சத்தம் துரைக்கு ஆகாதுன்னு படிச்சுப் படிச்சு சொன்னேனே!"

"டாக்டரம்மாவைக் கேட்டேனே. இந்த மாதிரி நாள்ல கார்டிசால் மாத்திரையைக் கொஞ்சம் கூட்டிக் குடுத்தா போதுமாம். எவ்வளவுன்னு கேட்டு, காலையிலயே குடுத்துட்டேன்."

எட்டிப் பார்த்தேன். துரை மச்சான் மடியில் மல்லாந்து கிடந்தான், துரோகி.

"அப்போ மாத்திரையைக் குடுத்து அங்கயே கூட்டிட்டுப் போயிருக்கலாமே!"

"போயிருக்கலாம். நீங்கதானே கூடாதுன்னீங்க? எனக்கும் அண்ணனை இங்க வரவழைக்கணும்னு ரொம்ப நாள் ஆசை."

கூடத்தில் மைக் கரகரத்தது. "மாப்ளே, நடக்கப் போயிட்டு வந்து பாடலாமா, பாடிட்டு நடக்கலாமா?" என் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது.

"எனக்கும் ஒரு மாத்திரை குடேன்" என்று கெஞ்சினேன்.

"உங்களுக்கு எதுக்குங்க? உங்க சுரப்பிதான் நல்லா வேலை செய்யுதே!"