கிழவர் நிற்கட்டும்

மேகம் ஒன்றே ஒன்றுதான். ஆனால் ஊர் அகலத்துக்கு இருந்தது. மந்திரி வருகிற நாள் பார்த்து, சூரியத் தகடுகளுக்கு மேல் சோம்பேறிப் பூனை மாதிரி படுத்துக்கொண்டு நகர மறுத்தது.

மின் கட்டுப்பாட்டு அறை ஜன்னலில் நின்று பொறியாளர் அதை முறைத்துக்கொண்டிருந்தார். அணு உலையைப் போன மாதமே மூடியாயிற்று. மிச்சமிருப்பது ஒரே ஒரு நிலக்கரி உலை. ஊழியர்கள் அதற்கு வைத்த பெயர் கிழவர். இன்று மந்திரி பச்சைப் பொத்தானை அழுத்துவார். கிழவர் ஓய்வு பெறுவார். மாநிலம் காற்றிலும் வெயிலிலும் ஓடும். பொத்தான் அலங்காரத்துக்குத்தான். பொறியாளர் போன் செய்ததும், உலைப் பொறுப்பிலிருக்கும் அவர் மைத்துனன் நிஜமாக நிறுத்துவான்.

"ஒரு விளக்குகூடக் கண் சிமிட்டாது" என்று எழுதிக் கொடுத்திருந்தார் பொறியாளர். சிமிட்டினால் அவர் வேலை போகும். அதைவிட மோசம், கரிக்காரர்கள் "அப்பவே சொன்னோமே" என்று கிழவரை நிரந்தரமாக்கிவிடுவார்கள்.

திரையில் மின் அளவைக் காட்டும் முள் லேசாக இறங்கியது. அவர் வீட்டுக்குப் போன் போட்டார்.

"அயர்ன் பாக்ஸை அணை. வாஷிங் மெஷினையும் நிறுத்து. காரணம் கேக்காதே."

"ஏங்க, கரண்ட் போகப்போகுதா?"

"போகாது. போகாம இருக்கத்தான் சொல்றேன்."

"புரிஞ்சுது" என்றாள் மனைவி. அவளுக்குப் புரிந்தது வேறு. சற்று நேரத்தில் அந்தக் குடியிருப்பு முழுக்க மோட்டார் ஓடியது, மிக்ஸி அலறியது, எல்லா போனும் சார்ஜில் ஏறியது. முள் இன்னும் இறங்கியது. அவர் மறுபடியும் வீட்டுக்குப் போன் போட்டார்.

"கரண்ட் போகாதுன்னு எல்லார்கிட்டயும் சொல்லித் தொலையேன்!"

"சொன்னேங்க. நீங்க சத்தியம் பண்ணீங்கன்னும் சொன்னேன். அதுக்கப்புறம்தான் அடுத்த தெருவுலயும் மோட்டார் போட்டாங்க."

அதற்குள் மந்திரியின் உதவியாளர் வந்து திரையைப் பார்த்து முகம் சுளித்தார்.

"கரி எத்தனை, காத்து எத்தனைன்னு நம்பர் எல்லாம் போட்டோவுல வேணாம் சார்."

எண்கள் இருந்த பக்கத்தை மறைத்து மந்திரி சிரிக்கும் பேனர் ஏறியது. முள் மட்டும் மிச்சம். அதுவும் நடுங்கிக்கொண்டிருந்தது.

வேறு வழியில்லை. இன்று ஒரு நாள் கிழவர் ஓடித்தான் ஆகவேண்டும். ஆனால் உதவியாளர் தோளோடு தோள் ஒட்டி நிற்கிறார். பொறியாளர் மைத்துனனை அழைத்து, குரலைத் தாழ்த்தி, சுருக்கமாகச் சொன்னார்.

"கிழவர் நிக்கட்டும்டா."

"இப்பவேவா, மாமா?"

"ஆமா, நிக்கட்டும்." வைத்துவிட்டார்.

"யாரு சார் கிழவர்?" என்றார் உதவியாளர்.

"மாமனார். ஊருக்குக் கிளம்புறேங்கிறார்."

"பெரியவங்க கூட நின்னா வீட்டுக்கு ஒரு தெம்புதான்."

தெம்புதான். முள் ஒரு கணம் தள்ளாடியது, பிறகு நிமிர்ந்து நின்றது. என்ன இருந்தாலும் கிழவர் கிழவர்தான் என்று பெருமூச்சு விட்டார் பொறியாளர்.

மந்திரி வந்தார், அழுத்தினார். ஒரு விளக்கும் சிமிட்டவில்லை. கைதட்டல். "இந்த நிமிஷத்திலிருந்து நம்ம மாநிலத்துல கரிப்புகை கிடையாது" என்று அறிவித்து, பொறியாளரைக் கட்டிக்கொண்டார். கட்டிக்கொள்ளப்பட்டவருக்குத் தெரியும்: நாளைக்குப் பேப்பரில் வரப்போகும் அத்தனையும் பொய். அந்தப் பொய்க்கு அப்பன் அவர்.

எல்லாரும் போனதும், மூலையில் போய் மைத்துனனை அழைத்தார்.

"கூட்டம் கலைஞ்சாச்சு. இப்ப சத்தம் காட்டாம கிழவரை நிறுத்திடுடா."

மறுமுனையில், காற்றாலைகளை வேகமாகச் சுழற்றிக்கொண்டிருந்த கடற்காற்று இரைந்தது.

"ஒருத்தரை எத்தனை தடவை மாமா நிறுத்துறது? நிக்கட்டும்னு நீங்க சொன்ன அப்பவே நிறுத்திட்டேனே."