அமரரின் அனுமதி

பாடத்திட்டத்தில் ஒருவரின் பெயர் இருந்தால் அவர் உயிரோடு இல்லை என்று நம்பி வளர்ந்த கூட்டம் எங்களுடையது. பரீட்சையில் வந்தவர்கள் எல்லாரும் சுவரில் படமாகத் தொங்கியவர்கள்தான். (உயிரோடிருப்பவரைப் பற்றிக் கேள்வி கேட்டால் அவரே விடைத்தாளைத் திருத்த வந்துவிடுவாரே!)

கண்டிக்குப் பக்கத்தில் ஒரு பல்கலைக்கழகத்தில் நான் தற்காலிக விரிவுரையாளராக இருந்த காலம். வெளிவாரி மாணவர்களுக்குக் கட்டுரைத் தொகுப்பு ஒன்று போட வேண்டியிருந்தது. பதிப்புரிமை பற்றிய எங்கள் அறிவெல்லாம் வாசலில் இருந்த போட்டோகொப்பிக் கடையோடு முடிந்திருந்தது. புதிதாக வந்த துறைத் தலைவி யாழ்ப்பாணத்துக்காரர். அவரிடம் இந்தப் பருப்பு வேகவில்லை.

“எழுதினவரிட்டக் கேக்காமல் ஒரு பக்கமும் அச்சுக்குப் போகாது. தொகுப்பு வராட்டில் உம்மட நியமனத்தையும் என்னால நீடிக்க ஏலாது” என்றார்.

மற்ற அனுமதிகள் வந்துவிட்டன. மிச்சமிருந்தது ஒன்று: கண்டி பஸ் நிலையத்தில் எத்தனை விதத் தமிழ் பேசுகிறார்கள் என்று ஒருவர் பழைய சஞ்சிகையில் எழுதிய கட்டுரை. அதிலிருந்த விலாசம் கண்டிக்கு மேலே மலையிலிருக்கும் அம்பிட்டிய. “அமரரின் வாரிசுகளுக்கு” என்று கடிதம் தட்டெழுதிக்கொண்டேன். எப்போது செத்தார் என்று தெரியாததால், எதற்கும் இருக்கட்டுமென்று இழவு வீட்டுக்குப் போகிற முறைப்படி வெள்ளைச் சட்டை போட்டு, ஒரு பக்கெட் சீனியும் வாங்கிக்கொண்டு மேட்டில் ஏறினேன். மூச்சிரைத்ததில் முகத்தில் துக்கம் தானாகவே வந்துவிட்டது.

கதவைத் திறந்தவர் சாரம் கட்டிய ஒரு பெரியவர். கடிதத்தைப் படித்தார். மறுபடியும் படித்தார்.

“வாங்க தம்பி, ஒக்காருங்க. அவருக்கு என்னை விட்டா நெருங்கின ஆளு யாரும் இல்ல” என்று கதிரையைக் காட்டினார். “அவரு எழுத்து எப்பிடி? ஒளிக்காம சொல்லுங்க.”

அண்ணனாக இருக்கும் என்று நினைத்தேன். கேட்டாரே என்று எனக்கும் வாய் திறந்துகொண்டது.

“நல்லாத்தான் எழுதியிருக்காரு ஐயா. ஆனா கடைசியில மடவளை பஸ் கண்டக்டரைப் பத்தி நாலு பக்கம் சரியான இழுவை. அத வெட்டிட்டோம். பாவம், வயசான காலத்துல எழுதியிருப்பாரு.”

“வயசான காலமா? அப்ப எனக்கு முப்பத்திரண்டு வயசு! அந்தக் கண்டக்டர் பேச்சைக் கேக்கத்தானே ஒரு வருசமா அந்த பஸ்ஸுல போய் வந்தேன்!”

சீனிப் பக்கெட் மடியிலிருந்து நழுவியது. வேலை போய்விட்டது என்றே முடிவுகட்டினேன். ஆனால் அவ்வளவு வெட்கத்திலும் ஒரு கேள்வி மட்டும் என்னைக் குடைந்தது.

“முதல்லயே ஏன் ஐயா சொல்லல?”

“செத்த பொறகு நம்மளப் பத்தி என்ன பேசுவாங்கன்னு கேக்க எத்தன பேருக்குத் தம்பி வாய்க்கும்?”

கண்டக்டரை முழுசாகப் போட வேண்டும் என்ற நிபந்தனையோடு கையெழுத்துப் போட்டார். இழவு வீட்டில் சொல்லிக்கொள்ளாமல் கிளம்புவதுதானே வழக்கம். அந்த நினைப்பிலேயே வந்திருந்த நான் பேசாமல் படியிறங்கினேன்.

“போயிட்டு வாரேன்னு சொல்லிட்டுப் போங்க தம்பி, நான் இன்னும் இருக்கேன்!” என்று பின்னாலிருந்து சத்தம் வந்தது.

தொகுப்பு வெளிவந்தது, என் வேலையும் தப்பியது. மாணவர்களுக்கு மிகவும் பிடித்தது அந்தக் கண்டக்டர் பகுதிதான் என்பது தனி அவமானம். இந்தக் கதையை என் மனைவியிடம் சொன்னது அதைவிடப் பெரிய மடத்தனம். இன்றைக்கும் சம்பலில் உப்புக் குறைவென்று நான் வாயெடுத்தால் போதும், அவள் பிள்ளைகள் பக்கம் திரும்புவாள்.

“சமைச்சவ உயிரோடதான் நிக்கிறான்னு அப்பாகிட்ட சொல்லுங்க.”