எஞ்சினியர் பேசாத பேச்சு

ஒரு மனிதரைத் தேசியத் தலைவராக்க என்ன வேண்டும்? பணம், ஆள்பலம், குடும்பப் பெயர் என்று நீங்கள் அடுக்குவீர்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். கொட்டாஞ்சேனை ரெண்டுவாயர் மைக்குக்குப் பக்கத்தில் நின்றால் போதும். காலி வீதித் தெருவிளக்குக் கம்பத்தைக்கூட அவர் நாடாளுமன்றத்துக்கு அனுப்பிவிடுவார். கம்பம் வாய் திறக்க வேண்டும் என்ற அவசியம்கூட இல்லை.

கோட்டைப் பகுதியில் நான் வேலை பார்த்த கப்பல் கம்பனியில் அவர் மொழிபெயர்ப்பாளர். சிங்களத்துக்கு ஒரு வாய், தமிழுக்கு ஒரு வாய் என்று யாரோ வைத்த பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது. முதலாளிகூட 'மிஸ்டர் ரெண்டுவாயர்' என்றுதான் அழைப்பார். கோடை வெயிலிலும் கறுப்புக் கோட்டு. சட்டைப் பையில் கற்கண்டும் மிளகும். குரலுக்காம்.

அவரிடம் ஒரேயொரு நோய்தான் இருந்தது. யார் எதைச் சொன்னாலும், கேட்டாலும் கேட்காவிட்டாலும், மொழிபெயர்ப்பார். பஸ்ஸில் கண்டக்டர், "இஸ்ஸரஹட்ட யன்ன!" என்று கத்துவார். முன்னால் போங்கள், அவ்வளவுதான் விஷயம். ரெண்டுவாயர் கம்பியைப் பிடித்தபடி எங்கள் பக்கம் திரும்புவார்.

"அன்பான பயணிகளே, முன்னுக்குக் காத்து நல்லா வருதாம். பின்னால ஒரு கர்ப்பிணித் தாய் ஏற நிக்கிறாவாம். ரெண்டு அடி தள்ளி நிண்டா கோடி புண்ணியம் எண்டு இந்தப் பிள்ளை கெஞ்சிக் கேக்குது!"

கர்ப்பிணி யாரும் இல்லை. ஆனாலும் பஸ் முழுவதும் முன்னால் நகர்ந்தது. அந்தக் கண்டக்டர் அதன்பிறகு அவரைக் கண்டால் யாரையாவது எழுப்பிவிட்டு இடம் கொடுப்பார்.

எங்கள் வெள்ளவத்தை ஃபிளாட்டில் குளியலறைத் தண்ணீர் கீழ்வீட்டுக் குசினிக்குள் ஒழுகியது. கீழ்வீட்டுச் சிங்களப் பெண்மணி ஒருநாள் படியேறி வந்து சத்தம் போட்டார். தேநீர் குடிக்க வந்த ரெண்டுவாயர் உடனே நடுவில் போய் நின்றார்.

"அந்த மனுசிக்குச் சொல்லுங்கோ, அவ வாயை மூடினா தண்ணி தானா நிக்கும்!" என்றார் என் அம்மா.

ரெண்டுவாயர் கைகளைக் கட்டிக்கொண்டு, குரலைத் தாழ்த்தி, உருகும் சிங்களத்தில் சொன்னார்: "உங்கள் குசினி நனைவதை நினைத்து இந்த அம்மாவுக்கு மூன்று நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை."

அந்தப் பெண்மணியின் முகம் அப்படியே மாறிவிட்டது. மறுநாள் எங்களுக்குக் கிரிபத், அதுதான் பாற்சோறு, வந்தது. அதைச் சாப்பிட்ட வெட்கத்தில் அம்மா அன்றைக்கே பிளம்பரைக் கூப்பிட்டார்.

"அங்கிள், அம்மா அப்பிடிச் சொல்லவே இல்லையே?" என்று கேட்டேன்.

"பிள்ளை, சொன்னதைச் சொல்றதுக்கு இப்ப ஃபோன் இருக்கு. மனுசர் சொல்ல ஏலாமல் விட்டதைச் சொல்றதுக்குத்தான் நான் இருக்கிறன்."

இப்படிப்பட்டவரை அரசியல் மேடையில் ஏற்றியது வேறு யாருமல்ல, நான்தான்.

அந்த வருடம் மழை வெள்ளம் எங்கள் ஒழுங்கைத் தெருவின் கீழ்வீடுகளுக்குள் புகுந்து சோபாக்களை மிதக்கவிட்டது. ஆத்திரத்தில் நான் ஒரு சின்னக் கட்சியில் தொண்டராகச் சேர்ந்தேன். வெள்ளவத்தையில் தேர்தல் கூட்டம் வைக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. பெரிய தலைவர் வருவார் என்று நோட்டீஸ் அடித்தோம். கூட்டத்தன்று காலையில் பெரிய தலைவர் வரவில்லை, பதிலுக்கு எஞ்சினியர் வருகிறார் என்று செய்தி வந்தது.

எஞ்சினியர் இரத்மலானைக்காரர். வாழ்நாள் முழுக்க வடிகால் கட்டி ஓய்வு பெற்றவர். வேட்பாளர் பட்டியலில் ஓர் இடம் காலியாக இருந்ததால் அவரைப் போட்டிருந்தார்கள். மிகவும் நேர்மையானவர். பேச்சு மட்டும் வராது. காகிதத்தைப் பார்த்து, குழாயின் விட்டத்தை வாசிக்கிற குரலில் வாசிப்பார். தமிழ் ஒரு சொல்லும் தெரியாது. போதாக்குறைக்கு, அவருக்கு ஏற்பாடு செய்த மொழிபெயர்ப்பாளருக்குக் காய்ச்சல்.

நான் கொட்டாஞ்சேனைக்கு ஃபோன் போட்டேன். "அங்கிள், ஒரு உதவி. சொன்னதை மட்டும் சொன்னாப் போதும்."

"ஓம் ஓம்" என்றார். அந்த இரண்டாவது 'ஓம்' வந்த வேகத்திலேயே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

மண்டபம் கடற்கரை ரயில் பாதைக்குப் பக்கத்தில். வந்த சனம் பெரிய தலைவரைக் காணாமல் ஒவ்வொருவராக எழும்பத் தொடங்கியிருந்தது. எஞ்சினியர் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்து சிங்களத்தில் வாசித்தார்: "இப்பகுதியின் வடிகால்கள் போதிய அகலமற்றவை. மேலும், வெள்ள நிவாரணம் எல்லா வீடுகளுக்கும் ஒரே அளவில் சென்றடையவில்லை என அறிகிறேன்."

ரெண்டுவாயர் ஒரு கற்கண்டை வாயில் போட்டார். மைக்கை நெருங்கினார்.

"ஐயா கேக்கிறார்!" என்று அவர் எடுத்த எடுப்பில் வாசல்வரை போனவர்கள் திரும்பிவிட்டார்கள். "போன மழைக்கு உங்கட வீட்டுக்குள்ள தண்ணி வந்ததே, அது கதவைத் தட்டி, நீ தமிழனோ, சிங்களவனோ, முஸ்லிமோ எண்டு கேட்டதோ?"

அந்த நேரம் பார்த்து ரயில் வந்தது. வேறு பேச்சாளர் என்றால் கத்தியிருப்பார். ரெண்டுவாயர் ஒரு விரலை உயர்த்தி நிறுத்திக்கொண்டார். ரயில் பெட்டி பெட்டியாகப் போகிறது. முந்நூறு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு அந்த விரலையே பார்க்கிறார்கள். கடைசிப் பெட்டி போனதும் மெதுவாகச் சொன்னார்:

"தண்ணி ஆளைப் பாத்து வரேல்லை. உதவி மட்டும் ஏன் ஆளைப் பாத்து வருது?"

மண்டபம் இடிந்து விழாதது கட்டியவர்களின் திறமை. பிளாஸ்டிக் கதிரைகளில் ஏறி நின்று கைதட்டினார்கள். எஞ்சினியர் பயந்து இரண்டு அடி பின்னால் போனார். அகலமற்ற வடிகாலுக்கு இவ்வளவு வரவேற்பா என்று அவர் முகத்தில் எழுதியிருந்தது. அடுத்த வரியைக் கொஞ்சம் நிமிர்ந்து வாசித்தார். அதற்கும் கைதட்டல். நாலாவது வரியில் காகிதத்தை மடித்துப் பையில் வைத்துவிட்டார். பத்தாவது வரியில் மனிதர் கையை வீசிப் பேசிக்கொண்டிருந்தார்! தான் கட்டிய வடிகால்களையும், கட்ட விடாமல் தடுத்தவர்களையும் பற்றி முப்பது வருடமாக அடக்கிவைத்ததெல்லாம் வெளியே வந்தது. ஒரு சாதுவான மனிதர் என் கண் முன்னாலேயே தலைவராகிக்கொண்டிருந்தார்.

கடைசியில் எஞ்சினியர், "மழைக்காலத்தில் இப்பகுதியை நேரில் பார்வையிடுவேன்" என்றார்.

ரெண்டுவாயர் அதைத் தமிழாக்கினார்: "அடுத்த வெள்ளத்துக்கு உங்களோட இடுப்பளவு தண்ணியில நான் நிப்பன்!"

யாரோ அதை ஃபோனில் எடுத்துப் போட்டார்கள். வேறு யாரோ ரெண்டுவாயரின் தமிழைச் சிங்களமாக்கி வீடியோவுக்குக் கீழே எழுத்தாகப் போட்டார்கள். இரண்டே நாளில் தெற்கே மாத்தறையிலிருந்து வடக்கே பருத்தித்துறை வரை ஒரே பேச்சு, தண்ணி ஆளைப் பார்த்து வரவில்லை! எஞ்சினியர் தன் பேச்சைத் தன் மொழியில் முதன்முதலாக வாசித்தது அந்த வீடியோவில்தான். நேரே கொட்டாஞ்சேனைக்கு வந்து ரெண்டுவாயர் வீட்டுக் கதவைத் தட்டினார். நானும் கூடப் போயிருந்தேன்.

"மம மொகத்த கிவ்வே?" என்று கேட்டார். நான் என்ன சொன்னேன்? பாவம், உண்மையிலேயே தெரியாமல்தான் கேட்டார்.

ரெண்டுவாயர் கோட்டுப் பொத்தானைத் திருகினார். "ஐயா மனதில் நினைத்ததை..." என்று சிங்களத்தில் இழுத்தார்.

"நான் இடுப்பளவு தண்ணீரில் நிற்பதாக நினைக்கவே இல்லையே! எனக்கு நீந்தத் தெரியாது!"

ஆனால் அடுத்த வாரம் வானம் பிய்த்துக்கொண்டு கொட்டியபோது மனிதர் வந்தார். காற்சட்டையை முழங்காலுக்கு மேலே சுருட்டிக்கொண்டு எங்கள் ஒழுங்கைக்குள் இறங்கினார். தண்ணீர் நிஜமாகவே இடுப்புக்கு வந்தது. வேட்பாளர்கள் தண்ணீரில் நின்றால் படம் எடுப்பார்கள், போவார்கள். இவர் குனிந்து, தோள்வரை கையை விட்டு, வடிகால் வாயைத் துழாவினார். ஒரு மெத்தையையும் மூன்று அரிசிச் சாக்குகளையும் இழுத்துப் போட்டார். தண்ணீர் 'களக்' என்று சுழன்று இறங்கத் தொடங்கியது. மாடிகளில் நின்ற சனம் ஆரவாரித்தது. ரெண்டுவாயர் கறுப்புக் கோட்டோடு பக்கத்தில் நின்று அவருக்குக் குடை பிடித்தார். அன்றைக்கு அவர் எதையும் மொழிபெயர்க்கவில்லை.

எஞ்சினியர் பெருவாரியான வாக்குகளால் வென்றார். பெரிய தலைவர் ஓய்வு பெறப்போகிறார் என்றதும் கட்சிக்குள் இரண்டு பெயர்கள் அடிபட்டன. ஒன்று எஞ்சினியர். மற்றது மூன்று தலைமுறையாக அரசியல் செய்கிற ஒருவர். அவருடைய ஆட்கள் ஒரு கதையைக் கிளப்பினார்கள். எஞ்சினியருக்குப் பேசத் தெரியாதாம், எல்லாம் ஒரு கிழவனின் வாயாம். உண்மைதானே? அதனால்தான் நாங்கள் பயந்தோம்.

தலைவரைத் தேர்ந்தெடுக்க முன்னர் கொட்டாஞ்சேனை மைதானத்தில் கட்சியின் கடைசிக் கூட்டம். நாடு முழுக்க நேரலை. "அந்தத் தண்ணி வசனத்தைத் திரும்பச் சொல்லுங்கோ, போதும்" என்று கட்சிச் செயலாளர் எஞ்சினியரிடம் நூறு தடவை சொல்லி அனுப்பினார். மேடையில் எஞ்சினியர், பக்கத்தில் ரெண்டுவாயர். கூட்டம் 'தண்ணி! தண்ணி!' என்று கத்தியது.

எஞ்சினியர் கையை உயர்த்தினார். "ஏவா மகே வசன நெவெயி" என்றார். "மே மஹத்தயாகே." அவை என் வார்த்தைகள் அல்ல, இந்த ஐயாவுடையவை.

செயலாளர் என் தோளைப் பிடித்துக்கொண்டு, "முடிஞ்சுது! எல்லாம் முடிஞ்சுது!" என்றார்.

ரெண்டுவாயர் விழுங்கிய கற்கண்டு பாதியில் நின்றிருக்க வேண்டும். கண்ணை இறுக்கி மூடித் திறந்தார். பிறகு முழங்கினார்: "ஐயா சொல்றார்! அந்த வார்த்தை தன்ரை இல்லையாம். இஞ்ச நிக்கிற உங்கள் ஒவ்வொருத்தற்றையுமாம்!"

ஆனால் அது கொட்டாஞ்சேனை. அங்கே பூனைக்குக்கூட இரண்டு மொழியும் தெரியும். முன்வரிசையிலிருந்து ஒரு மீன்காரப் பெண்மணி எழும்பினார்.

"அங்கிள், பொய் சொல்லாதேங்கோ! உங்கடை எண்டுதான் அவர் சொன்னவர்!"

மைதானமே சிரித்தது. எஞ்சினியர் குனிந்து, என்னவாம் என்று கேட்டார். அந்தப் பெண்மணியே சிங்களத்தில் விளக்கினார். எஞ்சினியர் ரெண்டுவாயரின் கையிலிருந்து மைக்கை மெதுவாக வாங்கினார். வாழ்க்கையில் முதன்முறையாகத் தமிழில் பேசினார்.

"இவர் பொய்" என்றார். "வார்த்தை... இவர்." ஒரு மூச்சு எடுத்தார். "தண்ணியில நிண்டது, நான்."

அவ்வளவுதான் பேச்சு! ஏழே சொல். அதன்பிறகு எழுந்த சத்தத்தைப் பற்றி எழுத எனக்குத் தெரியாது. துறைமுகத் தொழிலாளர்கள் தொப்பிகளை எறிந்தார்கள். செயலாளர் அழுதுகொண்டே என்னைக் குலுக்கினார். சிங்களக் கிராமங்களில் அந்தத் தமிழை மனப்பாடமாகச் சொன்னார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன். அதே மாதம் எஞ்சினியர் கட்சித் தலைவரானார். நாட்டின் பெரிய கதிரைக்கு அடுத்து யார் என்று பேச்செடுத்தால் இப்போது முதலில் வருகிற பெயர் அவருடையதுதான்.

அன்று மேடையில் அந்த ஏழு சொல்லையும் சிங்களமாக்க வேண்டிய முறை ரெண்டுவாயருக்கு. மைக் திரும்ப அவர் கைக்கு வந்தது. வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கோட்டு நுனியால் துடைத்தார், திரும்பத் துடைத்தார். இரண்டு வாயும் அடைத்துப்போனதை நான் கண்டது அந்த ஒரு தடவைதான்.

தலைவர் அவருக்குத் தன் அலுவலகத்திலேயே வேலை கொடுத்தார். மூன்று நாள்தான் நிலைத்தது. சந்திக்க வந்த அமைச்சர் ஒருவர் 'யோசிக்கிறோம்' என்றதை, 'அடுத்த கிழமை கட்டாயம் செய்து தருகிறோம்' என்று தமிழ்ப் பத்திரிகையாளர்களுக்குச் சொல்லிவிட்டார்.

"ஏன் அங்கிள் இப்பிடிச் செய்தனீங்கள்?" என்று கேட்டேன்.

"அந்த மனுசன்ரை கண்ணைப் பாத்தன், பிள்ளை. செய்யத்தான் விருப்பம், துணிவில்லை. நான் துணிவைக் குடுத்தனான். அதுக்குப் போய்ச் சத்தம் போடுகினம்!"

இப்போது தலைவர் மொழிபெயர்ப்பாளர் வைத்துக்கொள்வதில்லை. தமிழ்க் கூட்டங்களில் தானே தமிழில் பேசுகிறார். ஆணைப் பெண்ணாக்குவார், நேற்றை நாளையாக்குவார். சனத்துக்கு அது நல்ல பிடிப்பு. போன மாதம் வெள்ளவத்தையில் பேசினார். ரெண்டுவாயர் முன்வரிசையில், அதே கோட்டோடு. தலைவர் ஒவ்வொரு சொல்லிலும் தடுக்கும்போது அவர் கதிரையின் நுனிக்கு வந்துவிடுகிறார். சரியான சொல்லைச் சத்தமில்லாமல் உதட்டால் சொல்லி, அது மேடையில் வந்து விழும்வரை மூச்சுவிடாமல் இருக்கிறார். விழுந்ததும் பிள்ளை பரீட்சை பாஸான தகப்பன்போலப் பின்னால் சாய்கிறார்.

எல்லோரும் தலைவரைப் பார்க்கத்தான் அந்தக் கூட்டங்களுக்குப் போகிறார்கள். நான் அந்த உதடுகளைப் பார்க்கப் போகிறேன்.