இரண்டு சாட்சிகள் பார்த்த இருட்டு

திருமானூர்ப் பக்கம், கொள்ளிடக்கரையோரம் ஓர் ஊர். பேரைச் சொன்னால் விளக்கம் கேட்டுக் கடிதம் வரும், வேண்டாம். அந்த ஊரின் கிராம உதவியாளர் பூமாலை. ஊர் வாயில் இன்னும் தலையாரிதான். அவர் பெண்டாட்டி தனம் விடியுமுன்னே பால் கேனைத் தூக்கிக்கொண்டு சொசைட்டிக்கு நடக்கிறவள். வழியில் ஒரு வாய்க்கால் மதகு. கைப்பிடிச் சுவரும் இல்லை, விளக்கும் இல்லை. போன ஐப்பசியில் அங்கே விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டாள். அன்றிலிருந்து பூமாலைக்கு ஒரே ஆசை, மதகில் ஒரு விளக்குக் கம்பம். மூன்று மனு எழுதினார்.

மூன்றாவது மனுவை அரியலூரில் ஓர் ஆபீஸ் கருணையோடு பரிசீலித்தது. 'மனுதாரர் கோருவது வெளிச்சம். எனவே வெளிச்சம் வழங்கலாம்' என்று குறிப்பெழுதி, ஓர் எல்.இ.டி. டார்ச்சைக் கொடுத்தது. ஒன்பது குட்டி பல்பு, கழுத்தில் மாட்ட ஒரு நாடா. இரண்டாயிரத்து ஆறில் எல்.இ.டி. என்றால் அப்படி ஒரு மோகம். அந்த ஆபீஸ் அதிகாரி காசிநாதன் பட்டப்பகலிலும் அதைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டுதான் மீட்டிங் நடத்துவார். வட்டாரத்தின் இருபத்தெட்டுத் தலையாரிகளுக்கும் ஆளுக்கொன்று கொடுத்தார். பழைய மூணு பேட்டரிக் கட்டை டார்ச்சைத் திருப்பி வாங்கிக்கொண்டார்.

புது டார்ச் முதல் நாள் எரிந்தது. அதை மறைக்கக் கூடாது. இரண்டாம் நாள் தட்டினால் எரிந்தது. மூன்றாம் நாள் அடித்தால் எரிந்தது. நாலாம் நாள் பூமாலை தொடையில் அடித்த அடியில் எதிர்வீட்டு நாய் எழுந்து ஓடியது. டார்ச்சுக்கு மட்டும் உறைக்கவில்லை.

"சீ, இதுக்கு மின்மினிப்பூச்சி தேவலாம்" என்றாள் தனம்.

பூமாலை பஸ் பிடித்து ஆபீசுக்குப் போனார். கிளார்க் பரிமளா நல்ல பெண், நிதானமாகக் கேட்டாள்.

"எந்தத் தொடையில தட்டினீங்க?"

"இடது தொடைங்கம்மா."

"அதான். சுற்றறிக்கையைப் பாருங்க. 'மின்கலத் தொடர்பு மேம்படும் பொருட்டு, வலது காலை ஓரடி முன்வைத்து, வலது தொடையில் மூன்று முறை மிதமாகத் தட்டவும்.'"

"அப்படியும் எரியலேன்னா?"

"படிவம் ஏழு. இருட்டுல எரியாததை நேர்ல பார்த்த ரெண்டு சாட்சி வேணும்."

"எம்பொண்டாட்டி பார்த்தா. பக்கத்து வூட்டு வீரமணி பார்த்தான்."

"இருட்டுல அவங்களுக்கு டார்ச் தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுதுங்க."

"தெரியணும்னா வெளிச்சம் வேணுமில்ல? கையில இருந்தது டார்ச். அப்ப அது எரிஞ்சிருக்கு."

பூமாலைக்குத் தலை சுற்றியது. "இல்லம்மா, தெரியலே. ஒண்ணுமே தெரியலேங்க."

"தெரியாதவங்க எப்படிங்க சாட்சி சொல்ல முடியும்?"

அவர் முகத்தைப் பார்த்து அவளுக்கே பாவமாகிவிட்டது. குரலைத் தாழ்த்தினாள். "எரியலேன்னு எழுதினா, அரசுச் சொத்தைச் சேதப்படுத்தினதா ஒங்களுக்கு மெமோ வரும். மெமோ வாங்கினவர் மனுவை மேல அனுப்ப மாட்டாங்க. நல்லா எரியுதுன்னு போடுங்க, ஒங்க விளக்குக் கம்பம் மேல போவும்."

கம்பத்துக்காகத்தானே இவ்வளவும்! பூமாலை 'பிரகாசமாக எரிகிறது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். மற்ற இருபத்தேழு பேரும் தொடையைத் தடவிக்கொண்டே போட்டார்கள்.

கார்த்திகையில் காசிநாதனே மதகைப் பார்க்க வந்தார். மாலை ஆறரை மணி, மழை மப்பு வேறு. பூமாலைக்கு உள்ளூரக் குஷி. இருட்டைக் கண்ணால் பார்த்தால் மனுஷன் எழுதித்தானே ஆகணும்?

மதகில் ஏறியதும் அதிகாரியின் டார்ச் அணைந்தது. "பதறாதே பூமாலை. சுற்றறிக்கை இருக்கு" என்றார் காசிநாதன். விதிப்படி வலது காலை ஓரடி முன்வைத்தார். அங்கே மதகு முடிந்திருந்தது.

சேற்றிலிருந்து "பூமாலை! ஒன் டார்ச்சை அடிய்யா!" என்று சத்தம் வந்தது. பூமாலை அடித்தார், அடித்தார், தொடை வீங்கியதுதான் மிச்சம். கடைசியில் தனம் லாந்தரோடு ஓடிவந்தாள். அந்த வெளிச்சத்தில்தான் இருவருமாக அதிகாரியைத் தூக்கினார்கள்.

ஒரு வாரம் கழித்து விசாரணை. காசிநாதனின் மாவுக்கட்டுக் கால் ஸ்டூல்மேல் இருந்தது.

"விழுந்ததுக்குக் காரணம் என்ன சார் போடறது?" என்றாள் பரிமளா.

"இருட்டுங்க" என்றார் பூமாலை.

"இருபத்தெட்டு டார்ச்சும் பிரகாசம்னு கையெழுத்து இருக்கே! ஒன்னுதும் இருக்கு. அங்க ரெண்டு டார்ச், லாந்தர் வேற. இருட்டுக்கு ஏதுய்யா எடம்?" காசிநாதன் கண்ணை மூடி யோசித்தார். "வெளிச்சம் கொறைச்சல் இல்லேன்னா, அதிகம். கண் கூசி விழுந்தேன். நீ சாட்சி. போடு கையெழுத்தை, ஒன் மனுவும் இன்னிக்கே முடிஞ்சுடும்."

பூமாலை தாளை வாங்கிக் கையெழுத்துப் போட்டார்.

சொன்னபடியே முடிந்தது. 'மதகில் தேவைக்கு மிஞ்சிய வெளிச்சம் நிலவுவது மனுதாரரின் வாக்குமூலத்தாலேயே உறுதியாகிறது. விளக்குக் கம்பம் கோரிய மனு தள்ளுபடி செய்யப்படுகிறது. இனி அங்கு லாந்தர் கொண்டுசெல்லலாகாது. கண் கூச்சம் தவிர்க்கக் கறுப்புக் கண்ணாடி ஒன்று இத்துடன் அனுப்பப்படுகிறது.'

"அடப்பாவிகளா!" வயிறெரிந்து கத்தினார் பூமாலை. அப்புறம் கண்ணாடியைச் சும்மா மாட்டிப் பார்த்தார். சும்மா சொல்லக் கூடாது, எடுப்பாகத்தான் இருந்தது. அப்படியே வாய்க்கால் பக்கம் போனார், அங்கே குளித்த ஊர்க்காரர்களும் பார்த்தார்கள்.

அடுத்த மனுநாளுக்கு முன்னால் நாற்பத்து மூன்று பேர் அவர் வாசலில் நின்றார்கள். விளக்குக்காக ஊரே திரண்டுவிட்டது என்று பூமாலைக்குக் கண் கலங்கியது. வீரமணிதான் முதலில் வெள்ளைத்தாளை நீட்டினான்.

"எழுதுங்கண்ணே. எங்களுக்கும் ஆளுக்கொரு கறுப்புக் கண்ணாடி."

எழுதினார். நாற்பத்து மூன்றையும் எழுதினார்.

மறுநாள் விடியுமுன் தனம் பால் கேனோடு கிளம்பினாள். வாசலில் பூமாலை லாந்தரைப் பக்கத்தில் வைத்து, கறுப்புக் கண்ணாடியும் மாட்டிக்கொண்டு, 'கண்ணாடி பெற்றேன், நன்றாகத் தெரிகிறது' என்ற ரசீதைக் கையால் தடவிக்கொண்டிருந்தார்.

"எங்க புள்ள கையெழுத்துப் போடறது?"

தனம் அவர் விரலைப் பிடித்து அந்த இடத்தில் வைத்தாள். அப்படியே லாந்தரையும் தூக்கிக்கொண்டாள்.

"போடுங்க. மதகுல நடக்கறது நான்தானே" என்று நடந்தாள்.