இரண்டு விசில் கொடுத்தால்தான் விமானம் கிளம்பும்

ஜம்போ விமானம் மூன்றாவது தடவையாக ஓடுபாதையைத் தாண்டி வயலுக்குள் போய் நின்றது. தங்கசாமி தலையில் கை வைத்துக்கொண்டார்.

"சோறு ஆறுது. வாரீகளா, இல்ல இன்னைக்கும் ஆகாயத்துலதான் சாப்பாடா?" என்று அடுக்களையிலிருந்து ராக்கு கத்தினாள்.

"இருடி. ஞாயித்துக்கிழமைக்குள்ள ஒரு ப்ளேனை முடிவு பண்ணணும்."

"என்னைப் பாக்க வந்தப்ப காப்பி ஆறுறதுக்குள்ள முடிவு பண்ணீக. இதுக்கு இம்புட்டு யோசனையா?"

தங்கசாமி முதுகுளத்தூருக்கும் இராமநாதபுரத்துக்கும் அரசு பஸ் ஓட்டுகிறவர். சிங்கப்பூரில் வேலை பார்க்கும் மகன் பொங்கலுக்கு வந்தபோது ஒரு கம்ப்யூட்டரையும், அதில் வீட்டிலிருந்தே விமானம் ஓட்டும் விளையாட்டையும் வைத்துவிட்டுப் போயிருந்தான். கூடவே வந்த விமானங்கள் எல்லாம் அலுத்துப்போயின. தனியாக விலைக்கு விற்கிற விமானங்களில் மூன்றை ஓட்டிப் பார்க்கச் சொல்லி இப்போது சி.டி. அனுப்பியிருந்தான். ஒன்று ஜம்போ. ஒன்று நடுத்தர ஜெட். இன்னொன்று இரண்டு காத்தாடி வைத்த சின்ன விமானம்.

"ஞாயித்துக்கிழமை வரைக்கும் பாதி விலைய்யா. எதுன்னு சொல்லுங்க, வாங்கித் தாரேன்" என்று போனில் சொல்லிவிட்டான்.

மூன்றையும் நிதானமாக ஓட்டிப் பார்க்க வேண்டாமா? தங்கசாமி ஒரு டாக்டரைப் பிடித்து, 'இடுப்பு வலி, உட்காரவே முடியவில்லை' என்று சர்டிபிகேட் வாங்கி டெப்போவில் மெடிக்கல் லீவு போட்டார். போட்ட நாளிலிருந்து உட்கார்ந்த இடத்தை விட்டு எழுந்திருக்கவில்லை.

விஷயம் வெளியே தெரிந்தால் மெமோ வரும். அதுகூடப் பரவாயில்லை. அடுத்த மாதம் அவரைச் சென்னை பஸ்ஸில் போடுவதாகச் சொல்லியிருந்தார்கள். பத்து வருஷத்து ஆசை. மெமோ வந்தால் அது போயே போய்விடும்.

இவ்வளவுக்குத் துணிந்து லீவு போட்டும் விமானம் மேலே கிளம்ப மாட்டேன் என்றது. ஓட்டத் தெரியாமல் இல்லை. ஓடுபாதை முழுக்க நன்றாகத்தான் ஓடும். தூக்க வேண்டிய நேரத்தில் தங்கசாமியின் காது தானாகப் பின்பக்கம் போகும். அங்கே விசில் கேட்காது. விசில் கேட்காமல் வண்டியை எடுத்துப் பழக்கமில்லாத கை அப்படியே நிற்கும். விமானம் நேரே வயலுக்குப் போகும்.

வேறு வழியில்லாமல் தன் கண்டக்டர் கூத்தையாவுக்கு ஆள் அனுப்பினார்.

"கூத்தையா, நான் லீவுல ப்ளேன் ஓட்டுறது யாருக்கும் தெரியக்கூடாது."

"நான் ஏண்ணே சொல்லப் போறேன்?" என்ற கூத்தையா, சட்டைப் பையிலிருந்து விசிலை எடுத்து இரண்டு ஊதினான் பாருங்கள், தெருக்கோடி வரைக்கும் கேட்டது. "ரைட், ரைட்!"

ஜம்போ அழகாக மேலே எழும்பியது. தெருவும் எழும்பியது.

முதலில் வந்தது மீனம்மாள். தினமும் இவர்கள் பஸ்ஸில் மிளகாய் மூட்டையோடு இராமநாதபுரம் சந்தைக்குப் போகிறவள். "நம்ம பஸ்சு விசிலுல்ல கேட்டுச்சு?" என்று மூட்டையோடு உள்ளே வந்தாள். அவளுக்குப் பின்னால் பத்துப் பேர். வெளியே அனுப்ப வேண்டிய கூத்தையா பழக்க தோஷத்தில், "உள்ள போ, உள்ள போ, படியில நிக்காத!" என்று எல்லோரையும் உள்ளே தள்ளிவிட்டான். ஜன்னல் வழியாக ஒருவன் நாற்காலியில் துண்டு போட்டு இடம் பிடித்தான்.

ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? வேண்டாம், நாமே ஓட்டிக் காட்டி அனுப்பிவிடலாம் என்று தங்கசாமி நினைத்தார். அப்படியே எந்த விமானம் நல்லது என்று கேட்டதாகவும் இருக்கும்.

"நம்ம ஊரு எங்கன இருக்கு?" என்று மீனம்மாள் கேட்டாள்.

தங்கசாமி திரையில் ஒரு காய்ந்த திட்டைக் காட்டினார். "அதுதான் முதுகுளத்தூர்."

"நெசந்தான். ஒண்ணையும் காணோம்."

ஜம்போதான் கௌரவம் என்றார்கள் பாதிப் பேர். ஜெட்தான் வேகம் என்றார்கள் மீதிப் பேர். "எதுல மூட்டை ஏத்தலாம்?" என்றாள் மீனம்மாள். துண்டு போட்டவனுக்கும் துண்டின் மேல் உட்கார்ந்தவனுக்கும் சண்டை வந்தது. அடுத்துக் கிளப்பிய ஜெட் பாம்பனைத் தாண்டிக் கடல் மேல் போய்க்கொண்டிருந்தது. சண்டையில் தோற்றவன், "இந்த வண்டியே எனக்கு வேணாம், நான் எறங்கணும்!" என்று எழுந்தான்.

எறங்கணும் என்ற சொல் காதில் விழுந்ததும் கூத்தையா ஒற்றை விசில் ஊதினான்.

ஒற்றை விசில் கேட்டதும் தங்கசாமி வண்டியை நிறுத்தினார். அத்தனை பேரும் அப்படியே நடுக்கடலில் விழுந்தார்கள்.

"அட பாவி மனுசா, என் மொளகா!" என்று மீனம்மாள் மூட்டையைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள்.

"இந்தக் காத்தாடி ப்ளேனைப் பாப்போம். இதோட எல்லாரும் வீட்டுக்குப் போயிரணும்" என்று கும்பிட்டுக் கேட்டுக்கொண்டு தங்கசாமி மூன்றாவதைக் கிளப்பினார். அது மேலே போன நேரம் பார்த்து ராக்கு வாசலிலிருந்து ஓடி வந்தாள்.

"ஏங்க, செக்கிங் இன்ஸ்பெக்டர் வாராரு!"

இன்ஸ்பெக்டர் தனுஷ்கோடி என்றால் டெப்போவே நடுங்கும். டிக்கெட் எடுக்காத சொந்த மாமனாரை நடுவழியில் இறக்கிவிட்ட மனிதர். தங்கசாமி நாற்காலியிலிருந்து பாயில் பாய்ந்து, "அய்யோ, இடுப்பு, இடுப்பு" என்று குப்புறப் படுத்துக்கொண்டார். கூத்தையா கை தானாக ஆட்களை எண்ண ஆரம்பித்தது.

தனுஷ்கோடி காக்கிச் சட்டை இல்லாமல் வேட்டியில் வந்திருந்தார். மாறுவேஷத்தில் பிடிக்க வந்திருக்கிறார் என்று தங்கசாமி பாயோடு இன்னும் ஒட்டிப் படுத்துக்கொண்டார். வந்தவர் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து திரையைப் பார்த்தார். ஓட்டுவார் இல்லாத விமானம் தலைகுப்புறச் சரிய ஆரம்பித்தது.

"யாருய்யா ஓட்டுறது?"

எல்லோரும் மீனம்மாளைப் பார்த்தார்கள்.

"ஆத்தி, நான் சந்தைக்குப் போறவ!"

"விழப் போகுதுய்யா! மூக்கைத் தூக்கு, மூக்கைத் தூக்கு!" என்று தனுஷ்கோடி அலறினார்.

அலறலைக் கேட்டதும் தங்கசாமிக்கு இடுப்பு மறந்துவிட்டது. பாயிலிருந்து துள்ளி எழுந்து, நாற்காலியில் உட்கார்ந்து, ஜாய்ஸ்டிக்கைப் பிடித்து, விமானத்தைத் தூக்கி, மதுரையில் பூப்போல இறக்கிவிட்டுத்தான் மூச்சு விட்டார். கை தட்டியவர்கள் இன்ஸ்பெக்டர் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டு ஒவ்வொருவராக நழுவினார்கள். கூத்தையா கொல்லைப்புறமாகப் போனான்.

"விசில் எங்க தெரு வரைக்கும் கேட்டுச்சு. உக்கார முடியாத ஆளு, இல்ல?" என்றார் தனுஷ்கோடி.

தங்கசாமியின் சென்னை பஸ் கண் முன்னால் கிளம்பிப் போனது.

"கேக்குறதுக்கு உண்மையைச் சொல்லணும். இது விசாரணை. இந்த மூணு சி.டி.யில எது நல்ல ப்ளேனு?"

வாரம் முழுக்க வராத பதில் பயத்தில் வந்துவிட்டது. "காத்தாடி ப்ளேன்தான் சார். ஜம்போவுக்குப் பெரிய ஏர்போர்ட்டு வேணும். ஜெட்டு சொன்ன பேச்சு கேக்காது. இது நம்ம பஸ்சு மாதிரி சார், கை காட்டுற எடத்துல எறங்கும்."

"எறக்கும்போது குலுங்குதா?"

"குலுங்கல சார்."

"ம்" என்று தலையாட்டிய தனுஷ்கோடி மூன்று சி.டி.க்களையும் எடுத்து மஞ்சப்பையில் போட்டார். ஜாய்ஸ்டிக்கையும் ஒயரோடு பிடுங்கிக்கொண்டார்.

"சார், அது மகன் வாங்கிக் குடுத்தது..."

"சாட்சிப் பொருள். விசாரணை முடியிற வரைக்கும் எங்கிட்டதான் இருக்கும். நாளைக்கே வந்து டூட்டில சேரு. நான் வந்துட்டுப் போனத டெப்போவுல எவங்கிட்டயும் மூச்சு விடாத. ரகசிய விசாரணை."

அவர் போனதும் ராக்குவுக்கே மனசு கேட்கவில்லை. "போகட்டும் விடுங்க. உசுரா போச்சு?" என்று சோற்றைத் தட்டில் போட்டுக் கொண்டுவந்தாள். தங்கசாமிக்கு இறங்கவில்லை. மகனுக்குப் போன் போட்டு, "ப்ளேனே வேணாம்ப்பா, ஆசை விட்டுப்போச்சு" என்று சொல்லிவிட்டார்.

மறுநாள் காலையில் டெப்போவுக்குப் போய் கிளார்க் அப்துல் அஜீஸ் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"என்னண்ணே, இடுப்பு தேவலையா? சென்னை பஸ்சுக்கு உங்க பேரு வந்தாச்சு."

தங்கசாமியால் நம்ப முடியவில்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டு, "இன்ஸ்பெக்டர் ஒண்ணும் எழுதலையா? விசாரணை, கிசாரணைன்னு?" என்று கேட்டார்.

"எந்த இன்ஸ்பெக்டர், தனுஷ்கோடி சாரா? அவரு எங்கண்ணே இங்க வாராரு?" அஜீஸ் பரிதாபமாக உச்சுக்கொட்டினார். "நீங்க லீவு போட்ட மறுநாள்லருந்து அவரும் மெடிக்கல் லீவு. இடுப்பு வலியாம். உக்காரவே முடியலையாம், பாவம்."