வெள்ளைச் சுவர்க்காரர்

இருட்டைக் கண்டு பயப்படுகிறவர்கள் உண்டு. இருட்டில் தட்டுத் தடுமாறி ஸ்விட்சைக் கண்டுபிடிக்கிறவர்கள் உண்டு. இருட்டினால் பேசாமல் படுத்துத் தூங்கிவிடும் புத்திசாலிகளும் உண்டு. இந்த மூன்றிலும் சேராத இனம் ஒன்று ஆஸ்திரேலியாவில் எங்கள் பெண்டிகோ ஊரில் வசிக்கிறது. கரண்ட் போகாதா, ஒரு புயல் வராதா, ஊரே ஒரு வாரம் இருண்டு கிடக்காதா என்று ஏங்கி ஏங்கி இளைக்கிற இனம். டார்ச் லைட் சேகரிப்பவர்கள். நான் அவர்களுக்கு வைத்திருக்கும் பெயர் வெள்ளைச் சுவர்க்காரர்.

ஏன் அந்தப் பெயர்? டார்ச் என்பது இருட்டில் எதையாவது தேடுவதற்கு என்றுதானே நீங்கள் நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள்? பாமரக் கருத்து. டார்ச் என்பது ஒரு வெள்ளைச் சுவரின்மேல் அடித்துப் பார்ப்பதற்கு. அடித்துவிட்டு, இரண்டடி பின்னால் போய், தலையைச் சாய்த்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, "ஓரத்துல லேசா பச்சை அடிக்குது" என்று பெருமூச்சு விடுவதற்கு. பிறகு அதை அணைத்து, மூக்குக் கண்ணாடி துடைக்கும் துணியால் துடைத்து, பெட்டியில் போட்டு மூடுவதற்கு. அதை வெளியே கொண்டுபோய் எதையாவது தேடினால் கீறல் விழுந்துவிடாதா?

இவர்களை அடையாளம் காண்பது சுலபம். உங்கள் வீட்டுக்கு விருந்துக்கு வந்தால் உங்கள் புதுக் குழந்தையின் முகத்தைப் பார்ப்பதற்கு முன் கூரையில் எரியும் பல்பைப் பார்ப்பார். "இதுக்கடியில எப்படித்தான் சாப்பிடறீங்களோ" என்று உங்களுக்காக வருந்துவார். அவர் கால்சட்டையில் ஒரு டார்ச் இருக்கும், சட்டைப் பையில் ஒன்று இருக்கும், சாவிக் கொத்தில் ஒன்று இருக்கும், சாவிக் கொத்து தொலைந்தால் தேடுவதற்கு காரில் ஒன்று இருக்கும். எதற்கு இத்தனை என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். ஒவ்வொன்றும் ஒவ்வொரு வேலைக்கு என்பார். நாயைக் கூட்டிக்கொண்டு உலாத்த ஒன்று, வேலிக்கு அப்பால் பார்க்க ஒன்று, கப்பல் மூழ்கினால் கரைக்கு அடித்துக் காட்ட ஒன்று. அவரிடம் நாய் கிடையாது. பெண்டிகோவிலிருந்து கடலுக்குக் காரில் இரண்டு மணி நேரம்.

என் பக்கத்து வீட்டு மெர்வின் இந்த இனத்தின் சிகரம். நில அளவைத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற மறுநாளே வரவேற்பறைச் சுவர் ஒன்றைக் காலி செய்து, வெள்ளையிலும் வெள்ளையாகப் பெயின்ட் அடித்து, எதிரே கறுப்புத் திரை தைத்து மாட்டி, பகலிலேயே அங்கே இரவைக் கொண்டுவந்துவிட்டார். அந்தச் சுவரில் மாட்டியிருந்த அவருடைய கல்யாணப் போட்டோ இப்போது துணி துவைக்கும் அறையில், சோப்புத்தூள் டப்பாவுக்கு மேலே இருக்கிறது. மனைவி நோரீன் அதைப்பற்றி ஒருமுறைதான் கேட்டார். "கண்ணாடி பிரதிபலிக்குது கண்ணு" என்று பதில் வந்தது.

இவ்வளவு டார்ச் இருக்கிற வீட்டில் அவசரத்துக்கு ஒரு டார்ச் கிடைக்குமா? கிடைக்காது. பேட்டரியை டார்ச்சுக்குள்ளேயே விட்டு வைப்பது காட்டுமிராண்டித்தனம் என்பது மெர்வினின் கொள்கை. டார்ச்சுகள் ஓர் அலமாரியில், பேட்டரிகள் எல்லாம் வேறோர் அறையில், பீங்கான் ஜாடியில், பாதி சார்ஜில் நீண்ட ஆயுளோடு உறங்கும். சமையலறை இழுப்பறையில் நோரீன் வைத்திருந்த மஞ்சள் பிளாஸ்டிக் டார்ச்சை, அதன் வெளிச்சம் நீலம் பாய்ந்து கண்ணை உறுத்துகிறது என்று, அவர் எப்போதோ பழைய சாமான் கடைக்குத் தானம் கொடுத்துவிட்டார்.

இப்படி இருக்கையில்தான் மெர்வின் வீட்டுக் கூரைக்குள் போசம் என்ற பிராணி வந்தது. எங்கள் ஊரில் கூரை என்று ஒன்றிருந்தால் அதற்குள் போசமும் இருக்கும். பூனை அளவு, புசுபுசு வால், வாடகை தராத குடித்தனம். சட்டப்படி அடிக்கக் கூடாது, பிடித்துத் தூரத்தில் கொண்டுபோய் விடவும் கூடாது. கூரைக்காரர் வந்து, ஓட்டையில் ஒரு வழிக் கதவு வைத்துவிட்டுப் போனார். இரவு இரை தேட வெளியே போனால் திரும்பி உள்ளே நுழைய முடியாது. நல்ல யோசனைதான். ஆனால் சனிக்கிழமை காலையில் தாய்ப் போசம் கொல்லையில் எலுமிச்சை மரத்தில் உட்கார்ந்து, கூரையைப் பார்த்துச் சீறிக்கொண்டிருந்தது. கூரைக்குள்ளிருந்து கீச்சுக் குரல் ஒன்று பதில் சொல்லிக்கொண்டிருந்தது. குட்டி உள்ளே மாட்டிக்கொண்டுவிட்டது.

டிசம்பர் வெயில்; எங்கள் பக்கம் அதுதான் கோடை. தகரக் கூரை. மத்தியானம் ஏறினால் அதற்குள் ரொட்டி சுடலாம். அதற்கு முன் குட்டியை எடுத்துத் தாயிடம் விடாவிட்டால் அது வெந்தே செத்துப்போகும். மெர்வினுக்கு முழங்கால் வலி என்பதால் நோரீனே ஏறுவதென்று முடிவாயிற்று. ஏணியைப் பிடிக்க வேலிக்கு மேலாக என்னைக் கூப்பிட்டார். மெர்வினையே பிடிக்கச் சொல்லியிருக்கலாமே? முடியாது. அன்று அவருடைய டார்ச் சங்கத்தின் மாதாந்திரக் கூட்டம். பல் டாக்டர் ஃபெர்கஸும் பள்ளிக்கூடத்தில் பூகோளம் நடத்தும் ரஸ்ஸலும் ஆளுக்கொரு பெட்டியோடு வந்து, திரையை இழுத்துவிட்டு, சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டார்கள்.

நோரீன் நடைவழியின் உள்கூரையிலிருந்த சதுரத் திறப்பின் வழியாக, அதற்கும் தகரத்துக்கும் நடுவிலுள்ள இடைவெளிக்குள் ஏறிப் போனார். கொஞ்ச நேரத்தில் மேலிருந்து குரல் வந்தது.

"மெர்வின்! இங்க கும்மிருட்டா இருக்கு. ஒரு டார்ச் எடுத்துக் குடு!"

உள்ளே மூன்று பேருக்கும் ஒரே சமயத்தில் உடம்பு சிலிர்த்ததை, திறந்திருந்த வரவேற்பறைக் கதவு வழியாக நான் ஏணியடியிலிருந்தே பார்த்தேன். வாழ்நாளெல்லாம் அவர்கள் காத்துக்கிடந்த வாக்கியம் அது. யாரோ ஒருவருக்கு, உண்மையிலேயே, ஒரு டார்ச் தேவைப்படுகிறது!

"தூரத்துக்கா கண்ணு, பரப்புக்கா?" என்றார் மெர்வின்.

"குட்டியப் பாக்கறதுக்கு!"

"குட்டி எவ்ளோ தூரத்துல இருக்கு?"

"அது தெரிஞ்சா நான் ஏன்யா டார்ச் கேக்கறேன்?"

ஃபெர்கஸ் எழுந்தார். "பொறு மெர்வின். மிருகங்களுக்கு எதமான மஞ்சள்தான் சரி. வெள்ளையா அடிச்சா மிரண்டுடும்."

"மஞ்சள்ல மரச்சட்டம் எது, அட்டை எதுன்னு பிரிஞ்சே தெரியாதேப்பா" என்றார் ரஸ்ஸல். "காலை எங்க வைக்கிறதுன்னு நோரீனுக்குத் தெரிய வேணாமா?"

"எதையாவது குடுங்கடா! குட்டி மூச்சு வாங்குது, இங்க கேக்குது!"

"பேட்டரி பாதி சார்ஜுலதான் இருக்கு கண்ணு. முழுசா ஏத்திடறேன், கொஞ்சம் பொறு."

"பாதி போதும்!"

"பாதியில அதோட உண்மையான குணம் வெளிய வராது."

நான் சட்டைப் பையிலிருந்து என் போனை எடுத்து, அதிலிருக்கும் சின்ன விளக்கைப் போட்டேன். ஃபெர்கஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மெர்வின் என்னிடம் வந்து, துக்க வீட்டில் பேசுகிற தொனியில், "இந்த வீட்டுல அத வெளிய எடுக்காதீங்க. அது வெளிச்சமில்ல, வியாதி" என்றார். நான் அணைத்துப் பைக்குள் போட்டேன். அப்படியே மேலே நீட்டியிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். மூன்று நிபுணர்கள் முறைக்கும்போது ஏணி பிடிக்கிறவன் என்ன செய்ய முடியும்?

கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தார்கள். மெர்வினின் பொக்கிஷமான பதினேழாம் எண். டைட்டானியத்தில் கடைந்து நூறே நூறு செய்த டார்ச்சில் பதினேழாவது. இதுவரை வெறுங்கை படாதது. அதில் பேட்டரியைப் போட்டு, பட்டுத் துணியில் ஏந்திக்கொண்டு மெர்வின் ஏணியடிக்கு வந்தார். மேலே பார்த்தார். யோசித்தார்.

"நோரீன், உன் கை வேர்த்திருக்கா?"

"நீயும் வேணாம், உன் டார்ச்சும் வேணாம்" என்று சொல்லிவிட்டு, நோரீன் கீச்சுக் குரல் வந்த திசையில் இருட்டிலேயே தவழ ஆரம்பித்தார்.

கூரைக்குள் நடக்கிறவர்கள் மரச்சட்டத்தின்மேல்தான் கால் வைக்க வேண்டும். சட்டங்களுக்கு நடுவில் இருப்பது வெறும் சுண்ணாம்பு அட்டை; இருட்டில் இரண்டும் ஒன்றுதான். மடாரென்று ஒரு சத்தம். நானும் மெர்வினும் வரவேற்பறைக்கு ஓடினோம்; அங்கே வெள்ளைப் புழுதி கொட்டியது. புழுதி அடங்கியபோது, அந்தச் சுவருக்கு நேர் முன்னால், கூரையிலிருந்து நோரீனின் இடது கால் தொடைவரை தொங்கிக்கொண்டிருந்தது. முழங்காலில் தோல் உரிந்து ரத்தம் வழிந்தது.

க்ளிக், க்ளிக், க்ளிக். மூன்று டார்ச்சுகளும் எரிந்தன.

"ஆடாம இரு கண்ணு!" என்று கத்தினார் மெர்வின். ஏணியைக் கொண்டுவரப் போகிறார் என்று நினைத்து நான் நகர்ந்து வழிவிட்டேன். அவர் நகரவில்லை.

"மெர்வின், உன்னோடதுல தோலு பொணம் மாதிரி இருக்கு. என்னோடதுல பாரு, உசிரோட இருக்கு" என்றார் ரஸ்ஸல்.

"தோல விடுங்கப்பா, ரத்தத்தப் பாருங்க" என்றார் ஃபெர்கஸ், குரல் நடுங்க. "நான் தெனம் ரத்தம் பாக்கறவன். சொல்றேன், இதுதான் அசல் செவப்பு. சுவத்துல இதெல்லாம் எந்த ஜென்மத்துல தெரியும்?"

மூன்று பேரும் காலைச் சுற்றிச் சுற்றி வந்தார்கள். அப்போது மேலிருந்து ஒரு கூச்சல்.

"அணைக்காதே! மெர்வின், அணைச்சுடாதே! ஓட்டை வழியா வெளிச்சம் மேல வருது! குட்டி தெரியுது, ரெண்டு கண்ணும் மின்னுது! அப்படியே புடி!"

மெர்வினின் முகத்தை அப்போது பார்த்திருக்க வேண்டும். அவருடைய டார்ச்சால் ஒரு பொருள் கண்ணுக்குத் தெரிகிறது! ஆனால் உலகத்தின் மிகப் பிரகாசமான டார்ச்சுகளைப் பற்றி, அவற்றை வைத்திருப்பவர்கள் வெளியே சொல்லாத ஓர் உண்மை உண்டு. முழு வெளிச்சம் ஒரு நிமிஷம்கூட நிற்காது. கொதிக்கக் கொதிக்கச் சுட்டு, தானாகவே மெழுகுவத்தி அளவுக்கு இறங்கிவிடும். சுவரைப் பார்க்க அதற்குமேல் யாருக்குத் தேவை?

"மங்குது! மங்குது!" என்று நோரீன் அலறினார். "ரஸ்ஸல், நீ வா!" என்று மெர்வின் அலறினார். ரஸ்ஸலுடையது சூடாகி, அவர் அதைக் கைக்குக் கை மாற்றிக் குதித்தார். ஃபெர்கஸ் சமையலறைக்கு ஓடி, அடுப்புக் கையுறையும் ஃப்ரீஸரிலிருந்து பச்சைப் பட்டாணிப் பாக்கெட்டும் கொண்டுவந்தார். அன்று ஒரு குட்டியின் உயிர், உறைந்த பட்டாணியில் பொதிந்த டார்ச்சுகளை மூன்று பெரிய மனிதர்கள் மாற்றி மாற்றித் தூக்கிப் பிடிப்பதில் இருந்தது.

"இதோ கை எட்டிடும், செல்லம், பயப்படாதே... ஐயோ, ஓடுது!"

மிரண்ட குட்டி வெளிச்சம் வந்த ஓட்டையை நோக்கியே ஓடியது. நோரீனின் காலில் சறுக்கி இறங்கி, முழங்காலிலிருந்து ஒரு தாவு தாவி, கைக்கு அகப்பட்ட முதல் கொம்பை இறுகக் கட்டிக்கொண்டது. கொம்பு அல்ல, பதினேழாம் எண். நகங்கள் டைட்டானியத்தில் கிறீச்சிட்டன. பயத்தில் குட்டி அதன்மேலேயே மூத்திரமும் பெய்தது.

"உதறு மெர்வின், உதறு!" என்றார் ரஸ்ஸல்.

மேலிருந்து நோரீனின் குரல் நிதானமாக வந்தது. "நீ உதறினா, நான் கீழ எறங்கறப்ப நீ இந்த வீட்டுல இருக்கக் கூடாது."

மெர்வின் உதறவில்லை. ஒவ்வொரு கிறீச்சுக்கும் கண்ணை மூடிக்கொண்டு, இரண்டு கையையும் முன்னால் நீட்டி, கல்யாண ஊர்வலத்தில் விளக்கேந்திப் போகிறவரைப் போல அடிமேல் அடி வைத்துக் கொல்லைக்குப் போனார். நாங்கள் எல்லோரும் பின்னால் போனோம். எலுமிச்சைக் கிளையில் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தார். தாய் இறங்கி வந்து முகர்ந்தது. குட்டி ஒரே எட்டில் தாயின் முதுகில் ஏறி, ரோமத்துக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டது. ஃபெர்கஸ் வெளிப்படையாகவே அழுதார்.

அதன் பிறகுதான் பதினேழாம் எண்ணைப் பார்த்தோம். மூன்று நீளக் கீறல்கள். மெர்வின் மரத்தடியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். தேய்த்து மெருகேற்றிவிடலாம் என்றார் ரஸ்ஸல். கூடவே கூடாது, இனி இதுதான் அதன் அழகு என்றார் ஃபெர்கஸ். அந்த நூறில் நிஜமாக உபயோகப்பட்ட ஒரே டார்ச் இதுதானே? வெயிலில் ஒருமுறை, நிழலில் ஒருமுறை அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தோம். ரஸ்ஸல் படம் எடுத்துச் சங்கத்துக்கு அனுப்பினார். பெர்த்திலிருந்து ஒருவர் அனுதாபம் தெரிவித்தார். ஹோபார்ட்டிலிருந்து ஒருவர், போசம் மூத்திரத்துக்கு டைட்டானியம் கறுக்குமா என்று கேட்டார். அதைப்பற்றி மரத்தடியில் நல்ல விவாதம் நடந்தது. கறுக்காது என்று கடைசியில் நானே தைரியமாக ஓர் அபிப்பிராயம் சொன்னேன். மூன்று பேரும் ஒப்புக்கொண்டார்கள். மெர்வின் மெல்லச் சிரித்தார். எங்கள் எல்லோருக்கும் மனசு லேசாயிற்று.

உங்களுக்கும் லேசாகிவிட்டது, இல்லையா? குட்டி பிழைத்தது, கீறலும் ஒரு பெருமையாயிற்று, கதை முடிந்தது. இவர்களைப் போல நமக்குக் கிறுக்குப் பிடிக்கவில்லையே என்று ஒரு திருப்தியோடு பக்கத்தைப் புரட்டப் போகிறீர்கள். ஒரு நிமிஷம். நாங்கள் மரத்தடியில் பேசிக்கொண்டிருந்த அந்த அரை மணி நேரமும் நோரீன் ஒற்றைக் கால் தொங்க, ரத்தம் சொட்ட, அந்தக் கொதிக்கிற கூரையில்தான் இருந்தார். நாங்கள் மறந்துவிட்டோம். பிறகு அவராகவே காலை உருவிக்கொண்டு, ஆள் பிடிக்காத ஏணியில் இறங்கி, கட்டுப் போட்டுக்கொண்டு, தனக்கு மட்டும் ஒரு டீ போட்டுக் குடித்தார். நாங்கள்தான் பைத்தியங்கள். நீங்கள் எப்படி மறந்தீர்கள்?