ஒத்தப்படை அண்ணனின் ரெட்டைப்படைப் பக்கங்கள்

தான் எழுதிய பேய்க்கதைக்குத் தானே பயந்து, எழுதிய பேனாவைக்கூடப் பக்கத்து வீட்டில் கொடுத்து வைத்துவிட்டுப் படுக்கப் போன எழுத்தாளர் இந்த உலகத்தில் ஒருவர்தான் இருந்திருக்க முடியும். அவரும் கேரள எல்லையோரம் இருக்கிற எங்கள் கொழிஞ்சாம்பாறைக்காரர் என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு.

அவருக்கு நல்லதாக ஒரு பெயர் இருந்தது. ஊரில் யாரும் அதைப் பயன்படுத்தியதில்லை. 'ஒத்தப்படை' என்றால்தான் தெரியும். காரணத்தைப் பிறகு சொல்கிறேன். வேலை, பால் சொசைட்டியில். காலையும் மாலையும் ஊற்ற வருகிறவர்களின் பாலில் லாக்டோமீட்டரை விட்டு, தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சந்தேகப்படுவதற்கே சம்பளம் வாங்கிய மனிதர். இடைப்பட்ட நேரத்தில் சினிமாவுக்குக் கதை எழுதினார்.

நான் அப்போது பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு ஜெராக்ஸ் கடை வைத்திருந்தேன். வில்லேஜ் ஆபீஸ் மனுவை மலையாளத்திலும் கல்யாணப் பத்திரிகையைத் தமிழிலும் டைப் அடித்துக்கொண்டு நிம்மதியாக இருந்த காலம். ஒருநாள் மத்தியானம் அவர் உள்ளே வந்தார். கதவைப் பார்த்தார், மேலே ஃபேனைப் பார்த்தார், சட்டைக்குள்ளிருந்து ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்தார்.

"தம்பி, டைப் அடிக்கோணுங்க. சினிமாக் கதைங்க."

வாங்கிப் பார்த்தேன். ஒன்றாம் பக்கம் இருந்தது. அடுத்தது மூன்று. அதற்கடுத்தது ஐந்து.

"ஏனுங்ணா, ரெண்டாம் பக்கத்தக் காணமே?"

"அது இங்க வராதுங்க. பொள்ளாச்சில ஒரு கடையில குடுத்திருக்கறன். அங்க ரெட்டைப்படை, இங்க ஒத்தப்படை. அவனுக்கு உங்களத் தெரியாது, உங்களுக்கு அவனத் தெரியாது. அப்புறம் எப்பிடிங்க கதை களவு போகும்?"

எனக்குச் சுருக்கென்றது. "என்னைப் பாத்தாத் திருடனாட்டத் தெரியுதுங்களா?" என்று கேட்டேன்.

"கோவிச்சுக்காதீங்க தம்பி. பால் ஊத்த வாரவங்க பூரா மொகத்தப் பாத்தா நல்லவங்கதானுங்க. கருவிய உட்டாத்தானுங்க தண்ணி தெரியுது. மனுசனுக்குள்ள உட்டுப் பாக்க ஒரு கருவி இல்லீங்களே."

இப்படித்தான் அவருக்கு அந்தப் பெயர் வந்தது. வைத்தவன் நான்தான். அவர் சந்தேகப்பட்டதற்குப் பழிக்குப் பழி.

டைப் அடிக்கும்போது என் முதுகுக்குப் பின்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொள்வார். அடித்து முடித்ததும் கம்ப்யூட்டரில் அழிக்கச் சொல்வார். அழித்ததையும் ஒருமுறை அழிக்கச் சொல்வார். பிறகு மாரியம்மன் கோயில் திருநீற்றை நீட்டி, யாரிடமும் சொல்லமாட்டேன் என்று சத்தியம் வாங்குவார். நான் எதைச் சொல்ல முடியும்? பதினோராம் பக்கம் இப்படி முடியும்: 'கிணற்றுக்குள்ளிருந்து ஈரமான ஒரு கை மேலே வந்து கதாநாயகனின் கணுக்காலை'. பதின்மூன்றாம் பக்கம் இப்படித் தொடங்கும்: 'சட்னி காரம் என்று சொல்லிக்கொண்டே கை கழுவினான்'.

தூக்கம் போய்விட்டது எனக்கு. மறுநாள் அவரையே பிடித்துக் கேட்டேன். "ஏனுங்ணா, அந்தக் கை என்ன பண்ணுச்சுங்க?"

"எந்தக் கைங்க?"

"கிணத்துக்குள்ள இருந்து வந்துச்சே, ஈரமா."

அவர் முகம் வெளுத்துவிட்டது. "இப்பத்தானுங்க சாப்புட்டுட்டு வாரேன். அதையெல்லாம் எதுக்குங்க இப்ப ஞாபகப்படுத்தறீங்க!" என்று சொல்லிவிட்டு வெயிலில் போய் நின்றுகொண்டார்.

அந்தப் பேயைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஊருக்கு வெளியே பஸ் நிற்கிற இடத்தில் ஒரு கிணறு. அங்கே சாயங்காலமானால் பச்சைச் சேலை கட்டிய ஒருத்தி கையில் சோற்றுத் தூக்குப்போசியோடு நிற்பாள். போகிறவர்களிடம், "ஏனுங்க, மணி என்னாச்சுங்க?" என்று கேட்பாள். எங்கள் பக்கத்துப் பேய் இல்லையா, மரியாதையை விடாது. அந்தக் கேள்வி காதில் விழுந்தவர்கள் மறுநாள் கிணற்றில் கிடப்பார்கள். ஒற்றைப்படைப் பக்கங்களை வைத்து நான் தெரிந்துகொண்டது இவ்வளவுதான்.

இதை எழுதிய நாளிலிருந்து அவர் கைக்கடிகாரம் கட்டுவதை விட்டுவிட்டார். பால் சொசைட்டியில் மணி கேட்காமல் இருப்பார்களா? தாமதமாக வந்த ஒரு அம்மா, "மணி என்னாச்சுங்க?" என்று கேட்டதற்கு லாக்டோமீட்டரைக் கேனுக்குள்ளேயே போட்டுவிட்டுப் பின்வாசல் வழியாகப் போய்விட்டார். அப்புறம் தன் சொந்தச் செலவில், வாசலைப் பார்த்து, தட்டு அகலத்துக்கு ஒரு சுவர்க்கடிகாரம் மாட்டினார். யாரும் யாரிடமும் கேட்க வேண்டாமாம்.

போனையும் நம்பமாட்டார். "அது கேட்டுட்டே இருக்குதுங்க தம்பி. காலைல நான் பேயின்னு ஒரு வார்த்தை சொன்னனுங்க. மத்தியானம் தாயத்து விளம்பரம் வருது" என்பார். நான் சிரித்தேன். ஆனால் அதற்கப்புறம் அவர் பக்கங்களை அடிக்கும்போதெல்லாம் என் போனை டிராயருக்குள் வைத்துவிட்டேன். பயம் அம்மை மாதிரி, பக்கத்தில் உட்கார்ந்தாலே ஒட்டிக்கொள்ளும். சாயங்காலம் கடையில் தனியாக இருக்கும்போது பச்சைச் சேலையில் யாராவது படியேறினால் நானும் சுவரோடு ஒட்டி நின்றுகொள்வேன். வந்தவர் ஆதார் அட்டையை ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு போன பிறகுதான் மூச்சு வரும்.

ஒருமுறை மட்டும் சென்னைக்குப் போனார். ஒரு கம்பெனி வாசலில் மூன்று நாள் நின்று, நாலாம் நாள் உள்ளே கூப்பிட்டிருக்கிறார்கள். இடைவேளை வரைக்கும் நடுங்கி நடுங்கிச் சொல்லிவிட்டு எழுந்துகொண்டாராம். "மீதியத் திருடமாட்டோம்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க, சொல்றனுங்க." வாசலில் இருந்த வாட்ச்மேன் வரைக்கும் சேர்ந்து சிரித்ததாக அவரே வந்து சொன்னார். சொல்லும்போது அவர் சிரிக்கவில்லை. பிறகு இரண்டு வருடம் எங்கேயும் போகவில்லை. எழுதிய கதையையே திரும்பத் திரும்பத் திருத்தி எழுதினார். நானும் ஒற்றைப்படைகளைத் திரும்பத் திரும்ப அடித்தேன்.

அப்படியிருக்கையில்தான் பக்கத்து ஊரான எருத்தேன்பதியில் ஒரு தென்னந்தோப்புக்கு ஷூட்டிங் வந்தது. தோப்புக்காரர் எங்கள் சொசைட்டியில் பால் ஊற்றுகிறவர். அவர் சொன்னதன் பேரில், கடைசி நாள் சாப்பாட்டு இடைவேளையில் அரை மணி நேரம் கதை கேட்கிறேன் என்று டைரக்டர் ஒத்துக்கொண்டார். சாயங்காலம் அவர்கள் கிளம்பிவிடுவார்கள். டைரக்டரே நம் ஊரைத் தேடி வந்திருக்கிறார், இதை விட்டால் இன்னொரு தடவை இந்த மனிதர் வாயைத் திறக்கப்போவதில்லை என்று எனக்கு நன்றாகத் தெரிந்தது.

"தம்பி, நீங்களும் வரோணுங்க. எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல."

"சரிங்ணா. ரெண்டு பேரும் என்ற பைக்லயே போயிர்லாம்."

பதறிவிட்டார். ஒற்றைப்படையும் ரெட்டைப்படையும் ஒரே வண்டியில் போவதா! வழியில் யாராவது மறித்தால் மொத்தக் கதையும் போய்விடாதா! கடைசியில் ஒற்றைப்படைப் பக்கங்களோடு நான் பைக்கில் போவது, ரெட்டைப்படைப் பக்கங்களோடு அவர் பஸ்ஸில் வருவது என்று முடிவானது.

நான் தோப்புக்குப் போய்ச் சேர்ந்தேன். பஸ் வந்தது. நிற்காமல் போயிற்று. அவர் இறங்கவில்லை. டைரக்டர் சாப்பிட உட்கார்ந்துவிட்டார். கால் மணி நேரம் கழித்து, வரப்பு வழியாக ஒரு உருவம் ஓடிவந்தது. ஒரு காலில் செருப்பில்லை, வேட்டியெல்லாம் சேறு. கையில் பையும் இல்லை.

"அண்ணா, ரெட்டைப்படை எங்கீங்க?"

"பஸ்ல போச்சுங்க தம்பி." மூச்சு வாங்கியது. "பக்கத்து சீட்டுல ஒரு பொம்பளைங்க. பச்சைச் சேலை. மடியில தூக்குப்போசி. என்னத் திரும்பிப் பாத்து, ஏனுங்க மணி என்னாச்சுன்னு கேட்டா. குதிச்சுட்டனுங்க."

சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அதற்குள் கூப்பிட்டுவிட்டார்கள்.

தென்னை நிழலில் பிளாஸ்டிக் நாற்காலியில் டைரக்டர். சுற்றிலும் உதவி டைரக்டர்கள் நாலு பேர். "சொல்லுங்க" என்றார், தயிர்சாதத்தைப் பிசைந்துகொண்டே. ஒத்தப்படை வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை. தண்ணீர் குடித்தார். மறுபடியும் திறந்தார். உதடு மட்டும் துடித்தது. என்னைத் திரும்பிப் பார்த்தார். கசாப்புக் கடையில் கட்டிவைத்த ஆட்டுக்கு அப்படியொரு பார்வை இருக்கும்.

நான் ஒற்றைப்படையைப் பிரித்து ஆரம்பித்துவிட்டேன். பக்கத்துக்குப் பக்கம் நடுவில் இருந்த ஓட்டையை, இத்தனை வருடம் தூக்கம் கெட்டு நானே மனசுக்குள் நிரப்பி வைத்திருந்ததைக் கொண்டு அடைத்துக்கொண்டே போனேன். கிணறு, ஈரக் கை, பச்சைச் சேலை. ஒரு உதவி டைரக்டர் நாற்காலியை இன்னொருவர் பக்கத்தில் நகர்த்திப் போட்டுக்கொண்டார். டைரக்டர் பிசைந்த சோறு அப்படியே இருந்தது. நூற்றுப் பத்தொன்பதாம் பக்கம் வந்தது. பயந்தாங்கொள்ளிக் கதாநாயகன் கிணற்றடியில் அவளிடம் மாட்டிக்கொள்கிறான். அவள் கேட்கிறாள், "மணி என்னாச்சுங்க?"

அதோடு என் கையிலிருந்தது முடிந்தது. நூற்றிருபது ரெட்டைப்படை.

"அப்புறம்? சொல்லுங்க. எழுதினது நீங்கதானே?" என்றார் டைரக்டர்.

ஆமாம் என்று ஒரு வார்த்தை. அது என் நாக்கு நுனி வரைக்கும் வந்தது என்பதை இப்போதாவது ஒப்புக்கொள்கிறேன். ஒத்தப்படை என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பால் கேனில் லாக்டோமீட்டரை விட்டுவிட்டு, அது எங்கே நிற்கப் போகிறது என்று பார்ப்பாரே, அந்தப் பார்வை. எனக்கு வெட்கமாகிவிட்டது.

"இல்லீங்க சார். எழுதினது இவரு. எனக்கு முடிவு தெரியாதுங்க."

எல்லோரும் அவர் பக்கம் திரும்பினார்கள். அவர் நடுங்கிக்கொண்டுதான் எழுந்தார். குரல் முதலில் கீச்சென்று வந்தது.

"அவ கொல்றவ இல்லீங்க" என்றார். "தம்பி சொன்னது பூரா ஒத்தப்படைங்க. அவ ஊட்டுக்காரன், ஆறு மணிக்கு வாரேன், இங்கயே நில்லுன்னு சொல்லிக் கிணத்தடியில நிக்க வெச்சுட்டுப் போனவன், வரவேயில்லீங்க. அவளுக்குக் கெடியாரம் பாக்கத் தெரியாது. அதனால போறவங்க வாரவங்ககிட்ட மணி கேக்கறா. ஒருத்தராவது நின்னு பதில் சொல்றாங்களா? பயந்து ஓடறாங்க. ஓடிக் கிணத்துல உழுந்தர்றாங்க." என் பக்கம் திரும்பினார். "அந்தக் கை கேட்டீங்களே தம்பி, அது அவ கைதானுங்க, கணுக்காலப் புடிச்சது இழுக்கறக்கில்லீங்க. உழுகாம இருக்கறக்குங்க."

பயத்தையெல்லாம் என்னிடம் கொடுத்துவிட்டு, அழுகையையெல்லாம் பொள்ளாச்சிக்காரனிடம் கொடுத்திருக்கிறார் மனிதர்!

"கடைசிப் பக்கத்துல அந்தப் பயந்தாங்கொள்ளி ஓடறதில்லீங்க. நடுங்கிட்டே நிக்கறான். 'ஏனுங்க, ஆறு மணி எப்பவோ தாண்டிப் போச்சுங்க. இனி அவரு வரமாட்டாருங்க. நீங்க ஊட்டுக்குப் போங்க'ன்னு சொல்றான். அவ போசிய எடுத்துட்டுப் போயர்றா. அவ்வளவுதானுங்க."

அந்த நேரம் பார்த்து ஷூட்டிங் மேனேஜர் பின்னாலிருந்து வந்து, "மணி என்னாச்சு தெரியுமா சார்?" என்றார். டைரக்டர் உட்பட எல்லோரும் துள்ளி எழுந்துவிட்டார்கள். தயிர்சாதத் தட்டு மண்ணில் கவிழ்ந்தது.

"இதை என்னால இப்ப எடுக்க முடியாது, கையில வேற படம் இருக்கு" என்றார் டைரக்டர் தட்டைப் பார்த்துக்கொண்டே. "ஆனா நீங்க என்கூட எழுத வாங்க."

திரும்பி வரும்போது பைக்கின் பின்னால் உட்கார்ந்துகொண்டார். பாதி வழியில் என் காதருகே குனிந்தார். "தம்பி, இருபத்திரண்டாம் பக்கத்துல இருக்கறத அப்பிடியே சொன்னீங்களே. பொள்ளாச்சிக்குப் போனீங்களா?"

"மாரியம்மன் சத்தியமா ஊகந்தானுங்ணா!" என்று கத்தினேன். அவர் நம்பவில்லை என்றே நினைக்கிறேன்.

மறுநாள் பஸ் கண்டக்டர் பையைக் கொண்டுவந்து என் கடையில் கொடுத்தார். ஓய்வு நேரத்தில் படித்துப் பார்த்திருக்கிறார். "பாவங்க அந்தப் பொம்பள" என்றார், மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "இதுல பயப்படறக்கு என்னங்க இருக்குது?"

ஒத்தப்படை சென்னைக்குப் போனார். அந்தக் கதை இன்னும் படமாகவில்லை. டைரக்டரின் அறையில் ஏழெட்டுப் பேரோடு உட்கார்ந்து அடுத்தவர் கதைக்கு சீன் சொல்கிறாராம். எப்போதாவது எங்கேயோ ஒளிந்துகொண்டு பேசுகிற மாதிரி ரகசியக் குரலில் போன் செய்வார்.

போன வாரம் ரெஜிஸ்டர் தபாலில் ஒரு கவர் வந்தது. பிரித்தேன். புதுக் கதை. மேலே ஒரு துண்டுச் சீட்டு: 'தம்பி, படிச்சுட்டு எங்க பயமா இருக்குதுன்னு சொல்லுங்க.' முதல் பக்கத்தைப் புரட்டினேன். அடியில் இரண்டாம் பக்கம் இருந்தது. அதற்கடியில் மூன்று. பிறகு நான்கு. கடைசி வரைக்கும் எண்ணிப் பார்த்தேன், ஒரு பக்கம்கூட விட்டுப்போகவில்லை.

கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, போனை அணைத்து டிராயருக்குள் போட்டேன். தெருவை ஒருமுறை எட்டிப் பார்த்தேன். யாராவது வந்து அண்ணனின் கதையைத் திருடிக்கொண்டு போய்விடுவார்களோ என்று எனக்குப் பயமாக இருந்தது.